உப்புக்காற்றில் ஒரு ட்ரிப் சுவிட்ச்

யாழ்ப்பாணத்துத் தீவான வேலணையில் அக்காவின் வீடு என் பொறுப்பில் இருக்கிறது. அவர்கள் கனடாவில், நயினை அம்மன் திருவிழாவுக்கு வந்தால்தான் எல்லா அறையும் திறபடும். பூட்டிக் கிடக்கிற வீட்டில் கரண்ட் என்ன செய்யப்போகிறது என்பவர்கள் அங்கே ஒரு பிளக் பேஸைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூவெல்லாம் பச்சைக் களிம்பு, மூலையில் எறும்புக் கூடு. உப்புக்காற்று எங்கும் புகுந்துவிடும்.

வயரிங் பார்க்க வந்த தம்பி முதலில் கேட்டது, "அண்ணை, டெஸ்ட் பட்டனை எப்ப கடைசியா அமத்தினனீங்கள்?" அமத்தினோம், ட்ரிப் சுவிட்ச் அசையவே இல்லை. "அப்ப இது சும்மா அழகுக்குத்தான் நிக்குது." புதிதாக மாற்றினோம். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே அது விழ வேண்டும். 60 வாட் பல்ப் எடுக்கும் மின்னோட்டத்தில் இது ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. பக்கத்தில் வரிசையாக நிற்கும் எம்சிபிகள் வயரைக் காக்கத்தான், ஆளைக் காக்க அல்ல. இப்போது மாதம் ஒருமுறை பட்டனை அமத்துகிறேன். அடிக்கடி விழுகிறதென்று ட்ரிப் சுவிட்சை விலக்கி நேரே கம்பி கொடுக்கும் கெட்டித்தனம் ஊரில் உண்டு. அது விழுவதே எங்கோ கசிகிறது என்று சொல்லத்தான்.

பட்டன் ஏர்த்தைச் சோதிக்காது. பழைய வீடுகளில் ஏர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். பிறகு குழாயைப் பிவிசிக்கு மாற்றியிருப்பார்கள். ஏர்த் அன்றோடு போய்விட்டது, யாருக்கும் தெரியாது. உவர் மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், ஆனால் ஏர்த் கம்பி பூட்டிய கிளாம்பை அரித்துத் தின்றுவிடும். அதைச் சீமெந்துக்குள் புதைக்காமல், மூடி போட்ட சின்னக் குழியில் கண்ணில் படும்படி வையுங்கள். நெடுந்தீவு மாதிரிக் கல்லுப் பூமியில் ஏர்த் கம்பி ஆழமாய் இறங்காது. கருவி வைத்து அளக்காமல் நம்பக்கூடாது.

கிணற்றடி மோட்டரைத் தொடுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். ஈரக் காலோடு போகும் இடம் அது. உடுப்புக் காயப்போடும் கொடிக்குக் கம்பி வேண்டாம், நைலோன் கயிறு போதும்.

யாருக்காவது கரண்ட் அடித்தால் ஆளைப் பிடித்து இழுக்காமல் மெயினை நிறுத்துங்கள். மூச்சில்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். உதவி வரும்வரை காத்திருக்க முடியாது: நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் துறைக்குப் படகிலேயே ஏறத்தாழ ஒரு மணி நேரம். வீட்டில் இரண்டு பேராவது நெஞ்சை அழுத்தப் பழகியிருக்கட்டும். மெயின் சுவிட்சுக்கு முன்னால் அலுமாரியை நிறுத்தியிருந்தால் இன்றைக்கே நகர்த்துங்கள்.