எல்லையில் வீரர், ஊரில் வழக்கு

அகத்தியர் மலையடிவாரத்தில் உள்ள போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திற்குத் தமிழர் பலர் பிழைப்புத் தேடி வந்தனர். அத்தகைய குடும்பத்து மகன் ஒருவர் படைவீரராக எல்லையில் பணிபுரிகிறார் எனக் கொள்வோம். விதுராவில் அவர் வாங்கிய வீட்டுமனையின்மீது ஒருவர் நெடுமங்காட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கிறார். வீரர் எவ்வாறு வருவார்?

போர்முனை போன்ற இடங்களில் பணிபுரியும் வீரருக்காக வழக்காட எவரும் இல்லையெனில், நீதிமன்றம் வழக்கை நிறுத்திவைக்க 1925ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. ஆயினும், அவருடைய மனைவியும் வழக்கில் சேர்க்கப்பட்டிருந்தால்? அவருக்கு வழக்கறிஞர் வேண்டுமே! 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்கள் வருமான வரம்பின்றிக் கட்டணமில்லா வழக்கறிஞரைப் பெறலாம். 2025 சூலை 26 அன்று தொடங்கப்பெற்ற திட்டம், படைவீரர் நல அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையங்கள் அமைக்க வகைசெய்தது. மனுவை எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கூறினாலும் பதிவுசெய்துகொள்வர்.