ஏறாத சார்ஜும் எறியப்படும் பேட்டரியும்

பிரிட்டனில் ஜன்னல் துடைக்கும் தொழில் ஏணியையும் வாளியையும் விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. வேனுக்குள் ஒரு தொட்டி, அதில் உப்பு நீக்கிய தண்ணீர், அந்தத் தண்ணீரை நீளக் கம்பின் நுனியில் உள்ள பிரஷ்வரை தள்ளும் 12 வோல்ட் பம்ப். இவை இருந்தால் தரையில் நின்றபடியே மாடி ஜன்னலைக் கழுவிவிடலாம். பம்ப்பை ஓட்டுவது என்ஜின் பேட்டரி அல்ல. கேரவன்களில் விளக்குக்கும் விசிறிக்கும் வைப்பார்களே, அந்த ‘லெஷர் பேட்டரி’. அது படுத்தால் அன்றைய வருமானமும் படுத்துவிடும். அதனால்தான் மாற்று பேட்டரி வாங்கப் போகிறவருக்கு எல்லோரும் ஒரே யோசனையைச் சொல்கிறார்கள்: போன தடவை 85 ஆம்பியர் மணி போதவில்லையா, இந்தத் தடவை 110 போடு. பெரிய பேட்டரி நீண்ட நாள் உழைக்கும் என்பது இந்தத் தொழிலில் வேரூன்றிய நம்பிக்கை. வரவு செலவைப் போட்டுப் பார்த்தால் அது நிற்பதில்லை.

ஒரு கணக்குக்காக, பம்ப் சராசரியாக 4 ஆம்பியர் இழுக்கிறது, நாளில் 5 மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். செலவு 20 ஆம்பியர் மணி. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் 110-இல் கையில் இருப்பது 55. வரவு எவ்வளவு? வீட்டுக்கு வீடு போகும் ஓட்டம் எல்லாம் சேர்த்து 40 நிமிடம், அப்போது 9 ஆம்பியர் ஏறுகிறது என்றால் 6 ஆம்பியர் மணி. தினமும் 14 துண்டு விழுகிறது. திங்கட்கிழமை நிறைந்திருந்த பேட்டரி நாலு நாளில் பாதியைத் தொட்டுவிடும். இரட்டிப்பு அளவில் வாங்கினால் எட்டாவது நாள் அதே இடத்துக்கு வந்து சேரும். அதற்குள் வாங்கியவருக்கு நம்பிக்கை வந்துவிடும். கோளாறு தீர்ந்துவிட்டது என்று நினைப்பார்.

பாதியில் கிடக்கும் பேட்டரிக்குள் நடப்பதுதான் நிஜமான சேதம். மின்சாரம் வெளியேறும்போது தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். நாட்கணக்கில் அப்படியே விட்டால் படிகங்கள் பெரிதாகி இறுகிவிடும். பிறகு எந்த சார்ஜருக்கும் அசையாது. அந்த அளவுக்குத் தகடு செத்துவிட்டது என்றே பொருள். நம்மூர் இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் இதே விதிதான். ‘சுத்தமாகத் தீர்ந்த பிறகு ஏற்றினால்தான் நல்லது’ என்ற பேச்சு நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்தில் பிறந்தது. ஈய பேட்டரிக்கு அது நேர் எதிரான கேடு.

“என்ஜினின் ஆல்டர்னேட்டரை இந்த பேட்டரியோடு இணைக்கும் ரிலே போட்டிருக்கிறேனே, வேன் ஓடும்போது ஏறிவிடாதா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கொஞ்சம் ஏறும். ஆனால் ஈய பேட்டரி முதல் 80 சதவீதத்தைத்தான் வேகமாக வாங்கும். கடைசி 20 சதவீதம் சொட்டுச் சொட்டாக, 14.4 வோல்ட் அளவில் பல மணி நேரம் பிடித்து ஏறும். பத்து நிமிட ஓட்டத்தில் அது நடக்காது. யூரோ 6 புகை விதிக்குப் பிறகு வந்த பல வேன்களில் நிலைமை இன்னும் மோசம். எரிபொருளை மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டர் தானே வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு வெறும் ரிலே போதாது. வோல்டேஜை உயர்த்திக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். அதுகூட ஓடும் நேரத்தை நீட்டித் தராது. இரவில் மின் இணைப்பில் ஒரு நல்ல சார்ஜரை மாட்டிவிடுவதுதான் பேட்டரியை முழுதாக நிரப்பும் வழி. எதையும் மாட்டாமலே ஐந்து வருடம் ஓட்டியவர்களும் உண்டு என்பது மெய்தான். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அது சாத்தியம். ஒரே தெருவில் நாளெல்லாம் கழுவுகிறவர் அவரைப் பார்த்து வாங்கக் கூடாது.

லேபிளில் ‘லெஷர்’ என்று போட்டிருந்தாலே ஆழமாக இறங்கி ஏறத் தாங்கும் என்பதும் தப்பு. என்ஜினை உதைத்துக் கிளப்பும் பேட்டரியில் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். தினமும் இறங்கி ஏற வேண்டியதற்குத் தடித்த தகடு வேண்டும். தடித்த தகடு என்றால் ஈயம் அதிகம், எடையும் அதிகம். ஆகவே ஒரே ஆம்பியர் மணி எழுதிய இரண்டில் ஒன்று பல கிலோ இலேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். குளிரில் என்ஜின் கிளப்பும் திறனைப் பெரிய எழுத்தில் பெருமையாகப் போட்டிருந்தாலும் அப்படியே. எத்தனை சதவீதம் இறக்கினால் எத்தனை சுற்று தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதியிருக்கிறாரா என்பதைத்தான் தேட வேண்டும்.

இப்போது எல்லோரும் லித்தியம் பக்கம் கை காட்டுகிறார்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இந்தத் தொழிலுக்கு நன்றாகவே பொருந்தும். அளவைவிட அதன் குணம்தான் காரணம். பாதி சார்ஜில் கிடந்தாலும் அதற்கு சல்பேட் கவலை இல்லை. ஈயத்தில் பாதிக்கும் குறைவான எடை என்பதால், தெருவோரம் வேனை நிறுத்திவிட்டு மாடி வீட்டுக்குப் போகிறவர் அதைக் கழற்றித் தூக்கிக்கொண்டும் போகலாம். ஆனால் பழையதை எடுத்த இடத்தில் அப்படியே உட்கார வைத்தால் போதும் என்பது இன்னொரு நம்பிக்கை. உறைநிலைக்குக் கீழே அதற்கு சார்ஜ் ஏற்றக் கூடாது. ஏற்றினால் உள்ளே உலோக லித்தியம் படிந்து செல் கெடும். ஜனவரி இரவில் வெளியே நிற்கும் வேனில் இது கற்பனை ஆபத்து இல்லை. குளிரில் தானே சார்ஜைத் துண்டிக்கும் பாதுகாப்பு உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். சார்ஜரும் லித்தியத்துக்கு உரியதாக இருக்க வேண்டும்.

எதை வாங்குவதற்கு முன்பும் பழைய பேட்டரியை ஒரு முறை சோதித்துவிடுங்கள். இரவு முழுவதும் சார்ஜரில் போட்டு, கழற்றிச் சில மணி நேரம் சும்மா வைத்து, பிறகு முனைகளில் மீட்டரை வையுங்கள். வேனை நிறுத்தியதும் அளந்தால் 13-க்கு மேல் காட்டி ஏமாற்றும். ஓய்வெடுத்த ஈய பேட்டரியில் 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12 காட்டினால் பாதிக்கும் கீழே போயாயிற்று. 12.7-இல் தொடங்கி ஒரு நாள் வேலை முடிந்து ஓய்ந்த பிறகும் 12.4 அருகில் நிற்கிறதா? அந்த பேட்டரியில் இன்னும் உழைப்பு இருக்கிறது. புதியதற்கு எடுத்து வைத்த பணத்தில் சார்ஜரும் தடித்த கேபிளும் வாங்கலாம்.