கூலி பாக்கி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சனிக்கிழமை சாயங்காலம் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கம் கட்டட வேலைக்குப் பட்டுவாடா நேரம். ஆறு நாள் வேலைக்கு ஐந்து நாள் கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டு, "மிச்சத்தை அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பார் மேஸ்திரி. பல சித்தாள்களுக்கு அந்த அடுத்த வாரம் வருவதே இல்லை. இது திருட்டு. ஆனால், தட்டிக் கேட்க விடாமல் சில நம்பிக்கைகள் தடுக்கின்றன. பழைய நான்கு சட்டங்களை இணைத்த 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது சொல்வது வேறு.

நம்பிக்கை 1: கையில் சீட்டு இல்லை, கேஸ் நிற்காது.

உண்மை: கூலி பாக்கி என்று மனு கொடுத்தால், கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளிதான். பதிவேடு வைப்பதும் சம்பளச் சீட்டு தருவதும் அவர் கடமை. நீங்கள் அங்கே வேலை பார்த்ததைக் காட்ட ஒரு சின்ன நோட்டு உதவும்: தேதி, இடம், வந்த நேரம், கிளம்பிய நேரம், மேஸ்திரி பெயர், வாங்கிய தொகை. அன்றன்றைக்கு எழுதிய கணக்குக்கு மதிப்பு உண்டு.

நம்பிக்கை 2: பணம் கான்ட்ராக்டர் கைக்குப் போய்விட்டது, கம்பெனியைக் கேட்க முடியாது.

உண்மை: கான்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் நிறுவனத்தின் உரிமையாளர் கொடுத்தாக வேண்டும். 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத்தில் நாள் கூலி 9 ரூபாய் 25 காசு. இடையில் நின்ற ஜமேதார் ஆளுக்கு 1 ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசுதான் கொடுத்தார். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசமைப்பின் 23-வது பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு என்றது உச்ச நீதிமன்றம். வேலையை ஒப்படைத்த அரசு அமைப்புகளும் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்றது.

நம்பிக்கை 3: வேலையை விட்டு நின்றால் கடைசிச் சம்பளம் போச்சு.

உண்மை: நீங்களாக நின்றாலும் அவர்களாக நிறுத்தினாலும் 2 வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். அட்வான்ஸைக் கழிக்கலாம், ஆனால், எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அபராதம் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அதையும் உங்கள் விளக்கத்தைக் கேட்காமல் போட முடியாது.

நம்பிக்கை 4: ஓ.டி. பணம் முதலாளி பார்த்துக் கொடுப்பது.

உண்மை: கூடுதல் நேரத்துக்கு இரு மடங்குக் கூலி என்பது சட்டம். 8 மணி நேர வேலை கேட்டுப் போராடிய புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்களில் 12 பேர் 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். அந்த மண்ணில், சேதராப்பட்டிலோ கிருமாம்பாக்கத்திலோ ஒரு தொழிலாளி 12 மணி நேரம் நின்றுவிட்டு ஒற்றைச் சம்பளத்தோடு வீடு திரும்பக் கூடாது.

நம்பிக்கை 5: வயல் வேலைக்குச் சட்டம் கிடையாது; பெண்ணாளுக்குக் கூலி குறைவுதான்.

உண்மை: குறைந்தபட்சக் கூலி நடவு, களையெடுப்பு, அறுவடைக்கும் உண்டு. நாள் கூலியை அன்றைய வேலை முடிந்ததும் கொடுக்க வேண்டும். ஒரே வேலைக்கு ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி என்பது சட்ட விரோதம்.

நம்பிக்கை 6: புகார் கொடுத்தால் அலைச்சல்தான் மிச்சம்.

உண்மை: பாக்கியைக் கேட்க 3 ஆண்டு அவகாசம் உண்டு. பதிவு பெற்ற தொழிற்சங்கமும் உங்களுக்காக மனு போடலாம். 3 மாதத்துக்குள் முடிவு காண முயல வேண்டும் என்கிறது சட்டம். பாக்கியோடு அதன் 10 மடங்கு வரை இழப்பீடும் விதிக்கலாம். புதுச்சேரி காந்தி நகரில் இருக்கிறது தொழிலாளர் துறை அலுவலகம்.

சட்டத்தில் ஓட்டையும் உண்டு. சில விதிமீறல்களில், முதல் முறை பிடிபடும் முதலாளி மீது வழக்குத் தொடரும் முன், தவறைச் சரிசெய்ய அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். மாட்டினால் கொடுத்துக்கொள்ளலாம் என்ற துணிச்சல் வளர இதுவே போதும். அதனால் ஆய்வு அதிகாரிகள் புகாருக்குக் காத்திராமல் பட்டுவாடா நேரத்தில் வேலை நடக்கும் இடத்துக்கே வர வேண்டும். நடப்புக் குறைந்தபட்சக் கூலிப் பட்டியலை ஒவ்வொரு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலும் தமிழில் எழுதி வைக்க வேண்டும். தனக்கு எவ்வளவு சேர வேண்டும் என்று தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.