கரீபியனில் படகு வேலை: நான்கு லட்சம் கொடுத்துப் போகலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 27 வயது. கேட்டரிங் டிப்ளமோ முடித்துவிட்டு தி. நகரில் ஒரு ஹோட்டல் கிச்சனில் வேலை பார்க்கிறேன். கரீபியன் தீவுகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் சுற்றும் சொகுசுப் படகுகளில் சமையல் வேலை இருக்கிறது என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். டோர்டோலா என்று ஒரு தீவாம். நான்கு லட்சம் கேட்கிறார். முதலில் விசிட்டராகப் போய் இறங்கிவிட வேண்டும், வேலை அனுமதியை அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். அம்மா நகையை அடகு வைத்துத் தரத் தயாராக இருக்கிறார். நான் இதுவரை கடலில் போனதில்லை. இந்த வேலையை நம்பிப் போகலாமா?
- வாசகர், அசோக் நகர், சென்னை-83

பதில்: தம்பி, அப்படி ஒரு வேலை நிஜமாகவே இருக்கிறது. உங்கள் கைத்தொழிலும் அதற்குப் பொருந்தும். ஆனால் அந்த ஏஜென்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அம்மாவின் நகை பெட்டியிலேயே இருக்கட்டும். காரணத்தையும் சொல்கிறேன், ஒழுங்காகப் போகிற வழியையும் சொல்கிறேன்.

டோர்டோலா, பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பெரியது. வாடகைப் பாய்மரப் படகுத் தொழிலுக்கு உலகப் புகழ் பெற்ற இடம். படகை மட்டும் வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. கேப்டன், சமையல் ஆளோடு சேர்த்து எடுப்பவர்களும் உண்டு. உங்களுக்கான வேலை இந்த இரண்டாவது வகைப் படகில்தான். ஐம்பதடிக் கேட்டமரான் (இரட்டை உடல் கொண்ட படகு), எட்டு விருந்தாளிகள், ஒரு வாரப் பயணம் என்றால் வேலைக்கு இருப்பது பெரும்பாலும் இரண்டே பேர். மூன்று வேளையும் சமைக்கிற அதே ஆள்தான் கயிறு பிடிக்க வேண்டும், மிதவையில் படகைக் கட்ட வேண்டும், படுக்கை விரிக்க வேண்டும், கழிவறையும் கழுவ வேண்டும். இருவருக்கும் ஒரே அறை என்பதால் பல முதலாளிகள் கணவன் மனைவியாக வருபவர்களையே தேடுகிறார்கள். கடல் பழக்கமில்லாத தனி ஆளை இங்கிருந்து வரவழைத்து அப்படிப்பட்ட படகில் வைத்துக்கொள்ள யாருக்கும் அவசியமில்லை.

உங்களுக்கு ஏற்ற இடம் பெரிய மோட்டார் படகுகள். ஆன்டிகுவாவின் இங்கிலிஷ் ஹார்பர், ஃபால்மவுத் ஹார்பர், சின்ட் மார்ட்டனின் சிம்ப்சன் பே ஆகிய இடங்களில் அவை சீசனுக்கு வந்து நிற்கும். அவற்றில் செஃப் தனி, டெக் ஆட்கள் தனி. சீசன் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். அப்போது படகுகள் மத்தியதரைக் கடலுக்கோ, தெற்கே கிரெனடா, டிரினிடாட் பக்கமோ போய்விடும். 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா சூறாவளி டோர்டோலாவில் கட்டியிருந்த படகுகளைக் குவியல் குவியலாக நொறுக்கிப் போட்டது. ஜூலையில் வந்து வேலையில் சேரச் சொல்லும் ஏஜென்டுக்கு இந்தத் தொழிலின் அரிச்சுவடியே தெரியவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது விசா. பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் வெளிநாட்டவர் வேலை செய்ய அனுமதி வேண்டும். அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது முதலாளி. பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட், கிரெனடா போன்ற நாடுகளுக்கு இந்தியர்கள் விசா இல்லாமலே போகலாம். ஏஜென்டுகள் இதைக் காட்டித்தான் ஆள் பிடிக்கிறார்கள். அந்தச் சலுகை சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு மட்டுமே. பக்கத்திலிருக்கும் செயின்ட் தாமஸ் தீவோ அமெரிக்க மண், அங்கே அமெரிக்கச் சட்டம். விசிட்டராகப் போய் வேலை செய்தால், பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்படுவதோடு தொல்லை முடியாது. சம்பளம் வரவில்லை என்று புகார் சொல்ல உங்களுக்கு வாய் இருக்காது. கை உடைந்தால் காப்பீடு கிடைக்காது. ஓடிப்போய் நிற்க டோர்டோலாவில் இந்தியத் தூதரகமும் கிடையாது.

நம்மவர்கள் அந்தக் கடலுக்குப் போவது இது முதல் முறையும் அல்ல. 1853-இல் ஒரேலி என்ற கப்பல் புதுச்சேரியிலிருந்து தமிழர்களைக் கரும்புத் தோட்ட வேலைக்காக மார்ட்டினிக் தீவில் கொண்டுபோய் இறக்கியது. அடுத்த ஆண்டு குவாதலூப். ஒப்பந்தத்தில் ஊர் திரும்பும் உரிமை எழுதப்பட்டிருந்தும் ஏராளமானோர் திரும்பவே இல்லை. காகிதம் இருந்தவர்களுக்கே அந்த நிலை என்றால், காகிதமே இல்லாமல் உங்களை அனுப்பப் பார்க்கிறார்களே என்றுதான் எனக்குக் கவலை. இன்றும் நிலைமை முழுக்க மாறிவிடவில்லை. 2024-இல் முதலாளிகளால் கப்பலோடு கைவிடப்பட்ட மாலுமிகளில் இந்தியர்களே அதிகம் என்று சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கணக்குச் சொல்கிறது.

ஆனால் இன்று உங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006-ஐ இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்டது. வணிக முறையில் வாடகைக்கு ஓடும் படகுகளும் அதன் வரம்புக்குள் வரும். கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்திடம் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அப்படி உரிமம் பெற்ற நிறுவனம் வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகமான சி.டி.சி. போன்றவற்றின் செலவு மட்டுமே உங்களுடையது. ஆக, நான்கு லட்சம் என்று வாயெடுத்தபோதே அவர் சட்டத்துக்கு வெளியே போய்விட்டார். கரையில் இருக்கும் படகுத்துறை, ஹோட்டல் வேலை என்றால் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்த ஏஜென்டாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் இ-மைகிரேட் இணையதளத்தில் இருக்கிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் மாலுமிகளுக்கான பதிவு எண்ணான இன்டோஸ் எண் வாங்குங்கள். பிறகு மாலுமிகளுக்கான சர்வதேசத் தரமான எஸ்.டி.சி.டபிள்யூ. அடிப்படைப் பயிற்சிகள்: கடலில் உயிர் தப்புதல், தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பு, கப்பல் பாதுகாப்புக் கடமைகள். எல்லாம் சேர்ந்து சில வாரங்களில் முடிந்துவிடும். செலவு நான்கு லட்சத்தில் ஒரு சிறு பங்குதான் ஆகும். தலைமை இயக்ககத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள பயிற்சி நிலையத்தில் மட்டும் சேருங்கள். சி.டி.சி.க்கு உங்கள் டிப்ளமோ போதுமா, கடல்சார் கேட்டரிங் கோர்ஸ் தனியாகப் படிக்க வேண்டுமா என்பதை ராஜாஜி சாலை ஆங்கர் கேட் கட்டடத்தில் இருக்கும் அரசு அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். இடைத்தரகர் சொல்வதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

கூடவே உடம்பையும் பழக்குங்கள். நீச்சல் தெரியாவிட்டால் நாளைக்கே ஒரு குளத்தில் சேருங்கள். சென்னைத் துறைமுகத்துக்குள் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் இருக்கிறது. ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன் நம் சென்னைக்காரர். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி இன்னொரு பெண் அதிகாரியோடு தாரிணி படகில் 2024 அக்டோபரில் கிளம்பி 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பினார். கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தும் இதெல்லாம் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அடிப்படைப் பாய்மரப் பயிற்சி ஒன்று எடுங்கள். ஆடுகிற படகில் அடுப்புக்கு முன்னால் உங்கள் வயிறு தாங்குமா என்பது கரீபியன் போவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

நேராகச் சொகுசுப் படகுக்குத் தாவுவதைவிட, உரிமம் பெற்ற நிறுவனம் மூலம் ஒரு பயணக் கப்பலின் கிச்சனில் முதல் ஒப்பந்தத்தை முடிப்பதுதான் உங்களுக்கு நல்லது என்று நினைக்கிறேன். கடல் அனுபவம், கப்பல் ஊழியருக்கான அமெரிக்க விசா, ஒரு கேப்டனின் நற்சான்று மூன்றும் கையில் இருந்தால் ஆன்டிகுவாவில் உங்கள் விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். சம்பளத்தோடு டிப்ஸும் உண்டு. ஆட்களோடு எடுக்கும் படகுகளில் வாடகையில் 15 முதல் 20 விழுக்காடு வரை கொடுப்பது அங்கே வழக்கம். 20,000 டாலர் வாடகை என்றால் குறைந்தது 3,000 டாலர், அதை எல்லோரும் பிரித்துக்கொள்வார்கள். டிப்ஸ் வராத வாரமும் உண்டு. அதனால் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் குடும்பக் கணக்குப் போடுங்கள்.

எந்த வேலை வந்தாலும் ஐந்து கேள்விகள் கேளுங்கள். உங்கள் ஆர்.பி.எஸ்.எல். எண் என்ன? படகின் பெயர் என்ன, எந்த நாட்டுக் கொடி? முதலாளி கையெழுத்திட்ட ஒப்பந்தம் எங்கே? வேலை அனுமதியின் நகல் எங்கே? கேட்கும் பணம் எதற்கு, ரசீது உண்டா? ஒப்பந்தத்தில் சம்பளம், விடுப்பு, காப்பீடு, முதலாளி செலவில் ஊர் திரும்பும் டிக்கெட், 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரே ஒரு கேள்விக்கு மழுப்பினாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் இந்த வாரமே காவல் நிலையத்திலும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

27 வயது தாமதமே இல்லை. பயிற்சிக்கு ஓர் ஆண்டு, முதல் ஒப்பந்தத்துக்கு ஓர் ஆண்டு என்று வைத்தாலும் முப்பதுக்குள் நீங்கள் நினைத்த இடத்தில் நிற்கலாம். முறையான ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தப் பகுதிக்கு ஒரு நகல் அனுப்புங்கள், வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.