லினக்ஸ் கெர்னலில் தமிழ் அடைவுப் பெயர்கள்: ‘கோவளம்’ என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து

சுவடிகளும் கல்வெட்டுப் படிகளும் கணினிக் கோப்புகளாக மாறிவரும் இக்காலத்தில், கோப்பின் பெயரே அதனைக் கண்டடையும் முதல் வாயிலாகிறது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் அப்பெயரை எங்ஙனம் கையாளுகிறது என்பதைச் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரை ஊரான கோவளத்தின் பெயர்கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

லினக்ஸில் அடைவு என்பது கோப்புப் பெயரையும் அதற்குரிய ஐநோடு எண்ணையும் இணைக்கும் பட்டியலாகும். கெர்னல் பொதுவாக அப்பெயரை எழுத்தாகக் காண்பதில்லை; பைட்டு வரிசையாகவே ஒப்பிடுகிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும். இலக்கண நெறியில் நான்கெழுத்தாகிய ‘கோவளம்’, ஒருங்குறியில் 6 குறியெண்களாய் 18 பைட்டு பெறுகிறது. ஓகாரக் குறியை இரட்டைக்கொம்பு, கால் எனப் பிரித்துப் பதிந்தால் 7 குறியெண்கள், 21 பைட்டு ஆகும். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவை கெர்னலுக்கு இரு பெயர்கள். ஆகவே ஓர் அடைவில் இரண்டு ‘கோவளம்’ அமையலாம். ஒன்றைத் தேடுவோர்க்கு மற்றது அகப்படாது. பெயருக்கு 255 பைட்டே வரம்பு ஆதலின், தமிழில் 85 குறியெண்களுக்குமேல் இடமில்லை.

2019இல் வெளிவந்த கெர்னல் 5.2ஆம் பதிப்பு, எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒருங்குறி இயல்பாக்கத்துடன் பெயர்களை ஒப்பிடும் வசதியைச் சேர்த்தது. எனினும் அதனை வெற்று அடைவில் மட்டுமே தொடங்க இயலும். எனவே புதிய தொகுப்புகளில் இவ்வசதியை முதலிலேயே அமைத்தலும், பழைய தொகுப்புகளின் பெயர்களை ஒரே குறியெண் வடிவுக்கு மாற்றுதலும் தமிழ் ஆவணக் காப்பின் அடிப்படைப் பணிகளாகும். சுவடியில் பாடம் ஒப்பிடும் கவனம் கோப்புப் பெயருக்கும் வேண்டும்.