பதினெட்டு வயதுக்குப் பின் உடன் நிற்போர்

பள்ளிப் பருவம் முடிந்ததும், அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உடையோரின் குடும்பங்கள் திகைத்து நிற்பதைக் காண்கிறோம். இனி யாரிடம் அழைத்துச் செல்வது என்பதே அவர்களின் கேள்வி. உதவ வருபவர் எதற்குத் தகுதி பெற்றவர், அவர் கடமை யாது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இத்துறையினரின் கல்வியையும் பதிவையும் ஒழுங்குபடுத்த 1992-இல் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் இயற்றப்பட்டது. சிறப்பாசிரியர், மருத்துவ உளவியலாளர், பேச்சுப் பயிற்சி வல்லுநர் ஆகியோர் அக்கவுன்சில் ஏற்ற படிப்பை முடித்து, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். பதிவின்றித் தொழில் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. பதிவு எண்ணைக் கேட்பது அவமதிப்பாகாது. பதிவு நடப்பில் உள்ளதா என்பதையும் பாருங்கள். இயன்முறை மருத்துவரும் செயல்முறை சிகிச்சையாளரும் 2021-ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தின்கீழ் வருவர். வலிப்பு மாத்திரையின் அளவை மாற்றும் உரிமை இவர்களில் எவருக்கும் இல்லை. அது மருத்துவருக்கே உரியது.

இத்துறைப் படிப்புகளையும் சிகிச்சைகளையும் ஒருங்கே வழங்கும் மத்திய அரசின் தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் உள்ளது. நம் பகுதியினர் வண்டலூர், கேளம்பாக்கம் வழியே அங்குச் செல்லலாம்.

கடமைகளில் முதன்மையானது, வளர்ந்தவரை வளர்ந்தவராக நடத்துவது. முப்பது வயதுடையவரை ஆண்டுக்கணக்கில் மணி கோக்க வைப்பது பயிற்சியாகாது என்பது எம் கருத்து. பால் பாக்கெட் வாங்கி மீதிச் சில்லறை எண்ணுவதும், தாமே சவரம் செய்துகொள்வதும், மாதவிடாய் நாள்களில் தம்மைப் பேணிக்கொள்வதும் அவருக்குப் பயன்படும். நல்ல சிறப்பாசிரியர் தேநீர் போடுவதைக்கூடச் சிறு படிகளாகப் பிரித்து, எந்தப் படியில் கைகொடுக்க நேர்ந்தது என்று நாள்தோறும் குறித்து வைப்பார். அந்தக் குறிப்பேட்டை மாதம் ஒருமுறை கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பேச இயலாத ஒருவர் திடீரெனத் தலையில் அடித்துக்கொண்டாலோ உணவை மறுத்தாலோ, அதனை முரட்டுத்தனம் என்று எழுதிவிடுவோர் உண்டு. பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் ஆகியவை இல்லையென மருத்துவர் உறுதி செய்த பின்னரே நடத்தைப் பயிற்சியைப் பற்றிப் பேச வேண்டும். முதலில் மருத்துவரிடம் அனுப்பி வைப்பது உளவியலாளரின் கடமை.

வீட்டுக்கு வரும் பராமரிப்பாளர், தொடுமுன் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். குளிக்கும்போது கதவைச் சாத்தி மறைவு காக்க வேண்டும். வலிப்பு வருபவராயின் தாழிடலாகாது. தனியே விடவும் கூடாது.

இவர்களில் எவரும் பணியின் பெயரால் அவருக்காகக் கையொப்பமிட முடியாது. பெற்றோரின் இயல்பான காப்பாளர் உரிமையும் பதினெட்டு வயதோடு முடிந்துவிடுகிறது என்பதைப் பலர் வங்கிக்குச் சென்ற பின்னரே அறிகின்றனர். சட்டப்படியான காப்பாளர் தேவைப்பட்டால், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். நமக்கு அது செங்கல்பட்டு மாவட்டக் குழு. நியமனம் பெற்றவர் ஆறு மாதங்களுக்குள் சொத்து விவரத்தையும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதங்களுக்குள் வரவு செலவுக் கணக்கையும் அக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும்.