உணவிலுள்ள தீய பற்றீரியாக்களை ஒளியினாற் கண்டறிதல்

2011ஆம் ஆண்டு மே மாதத்தில் யேர்மனியின் வட பகுதியில் இரத்தங் கலந்த வயிற்றோட்டம் விரைந்து பரவிற்று. ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயே காரணமென ஹம்பேர்க் நகர அதிகாரிகள் அறிவித்தனர். அக்காய்களில் இ. கோலி பற்றீரியா இருந்தது உண்மையே. ஆயின் அது நோயை விளைவித்த வகையன்று எனச் சில நாட்களின் பின்னரே தெரியவந்தது. அதற்குள் விற்பனை நின்றது. விளைந்த காய்கள் அழிக்கப்பட்டன. முளைகட்டிய விதைகளே உண்மைக் காரணமென ஜூன் 10ஆம் திகதி அறிவிக்கப்பட்டது. இந்நோயால் 50 பேருக்கு மேல் இறந்தனர். மரக்கறிச் செய்கையாளருக்கு நட்டஈடாக ஐரோப்பிய ஒன்றியம் 20 கோடி யூரோவுக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது.

சோதனை விரைவானதாக மட்டுமன்றி, பற்றீரியாவின் வகையைப் பிரித்தறிவதாகவும் இருத்தல் வேண்டுமென்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

வழமையான முறை

உணவு மாதிரியை ஊட்டக் கரைசலில் இட்டுப் பற்றீரியாக்களைப் பெருகச்செய்து, பின்னர் இனங்காண்பதே வழமையாகும். இது நம்பத்தக்கது, எனினும் சல்மனெல்லாவை உறுதிசெய்ய மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை செல்லும். மரக்கறியோ பாலோ அதுவரை காத்திராது.

ஒளிரும் நுண்துணிக்கைகள்

ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு நனோமீற்றராகும். சில நனோமீற்றர் அளவுள்ள குறைகடத்தித் துணிக்கைகள் குவாண்டம் புள்ளிகள் எனப்படும். இவற்றின்மீது ஊதாக்கடந்த கதிர் பட்டால் இவை ஒளிரும். ஒரே பொருளாயினும் சிறிய துணிக்கை நீலமாகவும் பெரியது சிவப்பாகவும் ஒளிர்தல் இவற்றின் சிறப்பாகும். இவற்றைக் கண்டுபிடித்து உருவாக்கியமைக்காக பவெண்டி, புரூஸ், எக்கிமோவ் ஆகிய மூவருக்கும் 2023இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

உயிருணரி தொழிற்படும் விதம்

1. குறித்த பற்றீரியாவை மட்டும் பற்றும் பிறபொருளெதிரி பூசப்பட்ட காந்த மணிகள் மாதிரியுடன் கலக்கப்படும்.
2. பற்றீரியாவைப் பற்றிய மணிகளைக் காந்தத்தால் ஒருபுறம் ஈர்த்து, எஞ்சிய உணவுப்பொருள் கழுவி நீக்கப்படும்.
3. பிறபொருளெதிரி இணைக்கப்பட்ட குவாண்டம் புள்ளிகள் சேர்க்கப்படும். அவை பற்றீரியாவின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டாதவை கழுவப்படும்.
4. ஒளியூட்டி ஒளிர்வு அளக்கப்படும். பற்றீரியாக்கள் மிகுந்தால் ஒளிர்வும் மிகும்.

வெவ்வேறு நிறப் புள்ளிகளைப் பயன்படுத்தி, சல்மனெல்லா, இ. கோலி, லிஸ்டீரியா ஆகியவற்றை ஒரே மாதிரியில் ஒருங்கே தேடலாம். இச்செயல்கள் சில மணித்தியாலங்களில் முடிவுறும்.

குறைபாடுகள்

இறந்த பற்றீரியாவையும் உயிருள்ளதையும் இம்முறை எளிதிற் பிரித்தறிவதில்லை. உணவின் கொழுப்பும் நிறமும் ஒளிர்வைக் குழப்பலாம். பற்றீரியாக்கள் மிகச் சிலவேயாயின், முதலிற் பெருகச்செய்தே சோதித்தல் வேண்டும். சில புள்ளிகளிலுள்ள கட்மியம் நஞ்சாகும். ஆதலின் காபன் புள்ளிகளும் ஆராயப்படுகின்றன. இக்காரணங்களால் வழமையான சோதனை இன்னும் கைவிடப்படவில்லை.

கமக்காரர் கவனிக்கவேண்டியவை

எக்கருவியும் அசுத்தத்தைக் காட்டுமேயன்றி நீக்காது. ஏற்ற சூழலில் 20 நிமிடத்துக்கொருமுறை இரட்டிக்கும் ஒரு பற்றீரியா, ஏழு மணித்தியாலத்தில் இருபது இலட்சத்துக்கு மேலாகும். ஆகவே,

• நன்கு மக்காத சாணத்தை இலைக்கறிப் பயிருக்கு இடலாகாது.
• அறுவடை செய்த மரக்கறியைத் தூய நீராலேயே கழுவுதல் வேண்டும்.
• பாலையும் இறைச்சியையும் 5 பாகை செல்சியசுக்குக் கீழ் வைத்தல் வேண்டும்.
• இறைச்சியை உட்பகுதி 70 பாகையை அடையும்வரை சமைத்தல் வேண்டும்.

தோட்டத்திற் பேணப்படும் சுத்தமே நுகர்வோரின் உயிருக்கும் கமக்காரரின் நற்பெயருக்கும் முதற்காவலாகும்.